மூழ்கிய கப்பலும் புதிய பாரும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர் ஒருவர்)

எங்கள் ஊர்க் கடற்கரையில் வலையோடு கரையேறும் ஒருவரிடம், "மீன் எங்கே பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "பாரில் பட்டது" என்பார். அல்லது "மணலில் பட்டது" என்பார். கடலடித் தரையை எங்கள் முன்னோர் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். பார் என்றால் கடலுக்கு அடியில் உள்ள கல் தரை. முத்துச் சிப்பி ஒட்டி வளர்வது பாரில். களவா மீன் குடியிருப்பதும் பாரில்தான். சங்கு மட்டும் மணலை விரும்பும். அதிலும் புழுக்கள் நிறைந்த 'பூச்சி மணல்' என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். கல்லூரிக்கு வந்து, விலங்கியல் வகுப்பில் ஆசிரியர் 'கடினத் தளம்', 'மென் தளம்' என்று கரும்பலகையில் எழுதியபோது, அட, இது நம் பாரும் மணலும் அல்லவா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மணல் மட்டுமே உள்ள இடத்தில் புதிதாக ஒரு பார் தோன்ற முடியுமா? முடியும். அதற்கு ஒரு கப்பல் மூழ்கினால் போதும். அப்படி மூழ்கிய ஒரு கப்பல் எவ்வாறு பாராக மாறியது, அதை மனிதன் எவ்வாறு நீருக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பழுதின்றித் திரும்புகிறான் என்ற இரண்டையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாவது செய்தியில் நான் அக்கறை கொள்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இருமுறை கரையை விட்ட கப்பல்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், வடகிழக்குக் கரையோரம் துலாம்பென் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பின்னால் அகுங் என்னும் எரிமலை நிற்கிறது. அவ்வூர்க் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நீருக்குள், 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட 'லிபர்ட்டி வகை'க் கப்பல்களில் இதுவும் ஒன்று என்று பலர் தவறாக எண்ணுவதுண்டு. இது அவற்றுக்கெல்லாம் மூத்தது. முதல் உலகப் போரின் இறுதியில், 1918-ஆம் ஆண்டு, நியூ ஜெர்சியில் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 125 மீட்டர். நம் கல்லூரி விளையாட்டுத் திடலில் அதைக் கொண்டுவந்து வைத்தால், முனை சைக்கிள் கொட்டகையைத் தாண்டி வெளியே நிற்கும்.

1942 சனவரி 11 அன்று, இரயில் பாதைக்குரிய தளவாடங்களையும் ரப்பரையும் ஏற்றிக்கொண்டு லொம்போக் நீரிணையை ஒட்டி இக்கப்பல் சென்றுகொண்டிருந்தபோது, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று டார்பிடோவால் தாக்கியது. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் கட்டி இழுத்துக்கொண்டு சிங்கராஜா துறைமுகத்தை நோக்கிப் போயின. ஆனால் உள்ளே புகுந்த நீர் மிகுதியாகிவிட்டது. துறைமுகம் வரை தாங்காது என்று கண்டு, துலாம்பென் கரையிலேயே கப்பலைத் தரைதட்ட வைத்தார்கள். சரக்குகளை இறக்கி எடுத்துக்கொண்டார்கள். கப்பல் அங்கேயே நின்றது.

இருபத்தொரு ஆண்டுகள் அது கரையிலே துருப்பிடித்துக் கிடந்தது. 1963-இல் அகுங் எரிமலை சீறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பலிகொண்ட அந்தப் பெருந்துயரின்போது ஏற்பட்ட நில அதிர்ச்சியில் கப்பல் கரையை விட்டு நழுவி, கடலுக்குள் சரிந்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. மேற்பகுதி ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலும், கீழ்ப்பகுதி 30 மீட்டர் அளவிலும் இருக்கின்றன. சுற்றிலும் எரிமலைச் சாம்பலால் ஆன கரிய மணல். அதாவது, மணல் தரையில் திடீரென்று 125 மீட்டர் நீளத்துக்கு ஒரு பார்.

மற்ற கப்பல்கள் நடுக்கடலில், ஒளி எட்டாத ஆழத்தில் போய்ப் புதைகின்றன. இதுவோ கரையிலிருந்து நடந்து சென்று காணத்தக்க தூரத்தில் கிடக்கிறது. எங்கள் கடலில் மூழ்கிய பழைய தோணிகளைத் தேடிப் போக, கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்கோட்டில் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டார்கள், இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது. துலாம்பெனில் இரண்டுமே வேண்டாம்.

மூச்சின் கணக்கு

நான் பாலிக்குப் போனதில்லை. நீருக்குள் நான் கண்ட மூழ்கிய கலமெல்லாம் எங்கள் ஊருக்கு எதிரே மூன்று பாகம் ஆழத்தில் கிடந்த ஒரு பழைய வள்ளம்தான். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்; கடற்கணக்கில் ஏறக்குறைய 1.8 மீட்டர். பிளஸ் டூ விடுமுறையில் அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். கண்ணாடியை முகத்தில் மாட்டிவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு புத்திமதி: "மூச்ச மட்டும் விட்டுராதலே. மேல வந்து விட்டாப் போதும்." அந்த வள்ளத்தை நான் அரை நிமிடம் பார்த்திருப்பேன். பலகைக்கு அடியிலிருந்து ஒரு களவா தலையை நீட்டி என்னை முறைத்தது. அதற்குள் மார்பு வலிக்கவே மேலே வந்துவிட்டேன்.

அரை நிமிடத்தை ஒரு மணி நேரமாக ஆக்குவதுதான் ஸ்கூபா. நீருக்கடியில் மூச்சுவிடத் தேவையான யாவற்றையும் தன்னோடே கொண்டு செல்லும் கருவி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே அப்பெயர். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஷாக் கூஸ்தோவும், எமீல் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து 1943-இல் இதன் உயிர்நிலையான ரெகுலேட்டரை உருவாக்கினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வாயுவில் ஓடிய மோட்டார் கார்களுக்காகக் கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார்; அதையே மனித மூச்சுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார்கள்.

ரெகுலேட்டரின் வேலை என்ன? கடலில் 10 மீட்டர் இறங்கினால் நம்மேல் உள்ள அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. இவ்வளவு அழுத்தம் மார்பை நெரிக்கும்போது ஒரு குழாயின் வழியே மேலிருந்து சாதாரணக் காற்றை உறிஞ்ச முடியாது. ஆகவே ஆழத்தில் என்ன அழுத்தமோ அதே அழுத்தத்தில், மூச்சை இழுக்கும்போது மட்டும், ரெகுலேட்டர் காற்றைத் தருகிறது. இதனால் மூச்சு எளிதாகிறது. ஆனால் செலவு கூடுகிறது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று, வெளியே விரித்தால் 2,200 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் ஒருவர் மூச்சுவிட்டால், மேற்பரப்பில் 110 நிமிடம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சிலும் இருமடங்கு காற்று போவதால் 55 நிமிடம்தான். 30 மீட்டரில் 27 நிமிடம். அதிலும் சேமிப்பாகக் கொஞ்சம் மீதம் வைத்தாக வேண்டும். ஆழம் குறைந்த கப்பலைப் பார்ப்பவர் நெடுநேரம் பார்க்கலாம் என்பதன் இரகசியம் இந்த வகுத்தல் கணக்கே.

இங்கேதான் அப்பா சொன்ன விதி தலைகீழாகிறது.

அப்பா மூச்சடக்கிக் குளித்தவர். மேலே 6 லிட்டர் காற்றை நுரையீரலில் நிரப்பி இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் பாயில் விதிப்படி அது 3 லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் 2 லிட்டர். திரும்பி மேலே வரும்போது மீண்டும் விரிந்து அதே 6 லிட்டராகும். ஆபத்தில்லை. "மூச்சை விடாதே" என்பது அவருக்குச் சரியான விதி. ஆனால் சிலிண்டரிலிருந்தோ குழாயிலிருந்தோ மூச்சுவிடுபவர் 10 மீட்டர் ஆழத்திலேயே 6 லிட்டரை நிரப்பிக்கொள்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராகப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 30-லிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4-லிருந்து 3 ஆகிறது. 10-லிருந்து மேற்பரப்புக்கு வரும்போது 2-லிருந்து 1 ஆகிறது, அதாவது சரிபாதி. எனவே நுரையீரலைப் பொறுத்தவரை மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் கடைசி 10 மீட்டர்தான். 'ஆழமில்லாத இடம், பயமில்லை' என்று சொல்வது பாதி உண்மையே.

வாயு

எங்கள் தாத்தா கல்லைக் கட்டி இறங்கிச் சங்கு எடுத்தவர். அப்பா கண்ணாடியும் காலில் தகடும் மாட்டிக்கொண்டு இறங்கினார். பெரியப்பா காலத்தில் கம்ப்ரசர் வந்தது. படகில் எஞ்சின் ஓடும். நீண்ட குழாய் வழியே காற்று கீழே வரும். குளியாளி அதை வாயில் கடித்துக்கொண்டு எட்டு ஒன்பது பாகம் ஆழத்தில் மணிக்கணக்கில் இருந்து சங்கு பொறுக்குவார். பை நிறைந்ததும் விறுவிறுவென்று மேலே வருவார். சற்று இளைப்பாறிவிட்டு மறுபடியும் இறங்குவார். இப்படி ஒரு நாளில் பலமுறை.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பெரியப்பாவைப் படகிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூட்டெல்லாம் வலி; இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. "வாயு பிடிச்சிட்டு" என்றார்கள் ஊரில். எண்ணெய் தேய்த்தார்கள். வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்று அவர் கம்பை ஊன்றி நடக்கிறார். கடலுக்குப் போவதில்லை.

முதலாமாண்டில் துணைப்பாடமான வேதியியலில் ஹென்றி விதி வந்தது. 1803-இல் கூறப்பட்ட விதி: ஒரு திரவத்தில் வாயு எவ்வளவு கரையும் என்பது அதன்மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. ஆசிரியர் கோலி சோடாவை உதாரணம் சொன்னார். அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, கோலியைத் தட்டியதும் நுரைத்துப் பொங்குகிறது. அடுத்த வரியில், நீரில் மூழ்குபவர்களுக்கும் இதே நிகழ்கிறது என்று பாடநூலில் இருந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆழத்தில் கூடுதல் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது அது குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிலும் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே போகும். நிதானமாக மேலே வந்தால், கரைந்தது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். வேகமாக வந்தால் சோடாவைப் போலக் குமிழியிடும். குமிழிகள் மூட்டில் தங்கினால் வலி. தண்டுவடத்தில் தங்கினால் கால் விழுந்துவிடும்.

அந்தப் பக்கத்தை நான் மூன்றுமுறை படித்தேன். ஊரார் சொன்னது சரிதான். வாயுதான் பிடித்திருந்தது. எந்த வாயு, எங்கிருந்து வந்தது, எப்படி வெளியே அனுப்பலாம் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இது புதிய அறிவும் அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று அறைகளில் அடித்தளம் தோண்டியபோது தொழிலாளர் பலருக்கு இந்நோய் கண்டது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இதற்கு இரையாகி முடங்கினார். அவர் மனைவி எமிலி இடையில் நின்று பணியை நடத்த, 1883-இல் பாலம் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்து உடலியலறிஞர் ஹால்டேன், ஆடுகளை அழுத்த அறைகளில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி நிறுத்தி நிறுத்தி மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். நோய் கண்டவருக்கு உடனே தூய ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறையில் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி, சிறிது சிறிதாகக் குறைப்பதே மருத்துவம். எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. எண்ணெயில் அது போகாது.

இன்று ஸ்கூபா பயில்வோருக்குச் சொல்லிக் கொடுக்கும் எளிய வழக்கம் இது: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று பிறகு வா. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்குத் தனி அட்டவணையும், கையில் கட்டும் கணிப்பொறியும் உண்டு.

கப்பலுக்குள்

இனி அச்சமின்றி இறங்கலாம். எழுத்தின் வழியேதான்!

துலாம்பென் கரையில் மணலைவிட உருண்டைக் கற்களே மிகுதி. அக்கற்களின்மேல் கால் வைப்பதே வித்தை. அவ்வூர்ப் பெண்கள் சும்மாட்டுத் துணிமேல் காற்றுச் சிலிண்டரை வைத்துத் தலையில் சுமந்து நீரோரம் கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு சிலிண்டர் பதினான்கு கிலோவுக்குக் குறையாது; உள்ளே அடைத்த காற்று மட்டுமே இரண்டரைக் கிலோ இருக்கும். படத்தில் அந்தக் காட்சியைக் கண்டபோது, மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பேருந்துக்கு ஓடும் எங்கள் ஊர்ப் பெண்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள்.

இடுப்பளவு நீரில் கால் துடுப்புகளை மாட்டிக்கொண்டு மூழ்கினால், முதலில் தெரிவது கரிய மணல் சரிவு. அதில் புல் முளைத்து அசைவது போலிருக்கும். அருகே சென்றால் புல் முழுவதும் மண்ணுக்குள் போய்விடும்! அவை தோட்ட விலாங்குகள். வாலை மணல் வளைக்குள் ஊன்றி, உடலின் மேற்பாதியை நீட்டி, நீரோட்டத்தில் மிதந்து வரும் மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்பவை. மணல் என்றால் வெறுமை என்று எண்ணுவோருக்கு இவை முதல் பதில்.

சற்று நீந்தினால் நீல மங்கலில் கப்பல் தோன்றும். பல இடங்களில் உடைந்து, விலா எலும்புகள் போல் இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன. ஆனால் இரும்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கடற்பஞ்சுகளும் பவளங்களும் கடல் விசிறிகளும் போர்த்தி மூடிவிட்டன. வெறும் கண்ணுக்கு யாவும் நீலமாகவும் சாம்பலாகவும் தெரியும். ஏனெனில் ஒளியின் நிறங்களில் சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. சில மீட்டர்களிலேயே அது மங்கத் தொடங்கும். 20 மீட்டர் ஆழத்தில் விரல் கீறிக்கொண்டால் குருதி பச்சையாகத் தெரியுமாம். கைவிளக்கை அடித்தால்தான் அந்தக் கடற்பஞ்சு குங்குமச் சிவப்பு என்று விளங்கும்.

கப்பலின் மேலே நூற்றுக்கணக்கான பாரை மீன்கள் ஒரு வெள்ளிச் சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெருங்கண் பாரை என்னும் இவ்வினம் பகலில் கூட்டமாக ஓய்வெடுத்து, இரவில் பிரிந்து வேட்டைக்குப் போகும். இதற்கு நேர்மாறானவை நெற்றி புடைத்த பெரிய கிளி மீன்கள். 1.3 மீட்டர் வரை வளரக்கூடியவை. இவை பகலெல்லாம் வெளியே பவளத்தைக் கடித்து மேய்ந்துவிட்டு, இரவில் கப்பலின் பொந்துகளுக்கு உறங்க வருகின்றன. இவற்றைக் காண்பதற்கென்றே விடியற்காலையில் இறங்குவோர் உண்டு. ஒரே கட்டடத்தில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறுவது போன்ற ஏற்பாடு. இந்தக் கிளி மீன் தின்னும் பவளச் சுண்ணாம்பு, வயிற்றில் அரைபட்டு வெண்மணலாக வெளியே வருகிறது. ஒரு மீனே ஆண்டுக்கு டன் கணக்கில் மணல் செய்யும். பாரிலிருந்து மணல்! எங்கள் ஊர்ப் பாகுபாட்டில் இதற்கு இடமில்லை.

கப்பலின் வெடிப்புகளில் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் கடிக்க வருகிறது என்று அஞ்சுவார்கள். அது மூச்சுவிடுகிறது, அவ்வளவே. கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே கோமாளி மீன்கள் கவலையின்றி வாழும். அக்குடும்பத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை முதிராதவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடுகிறது. இதை வகுப்பில் கேட்டபோது பின் வரிசையில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமாயிற்று. ஆனால் யோசித்தால், சாமந்தியை விட்டு வெளியே போனால் இன்னொரு மீனுக்கு இரையாகும் அவ்வுயிருக்கு, துணை தேடி அலையாமல் இனம் பெருக்க வேறு என்ன வழி இருக்கிறது?

துலாம்பென் கடலின் விந்தைகளில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மிகச் சிறியது. குள்ளக் கடற்குதிரை. இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. கடல் விசிறியின் கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு, அதன் நிறத்தையும் அதன்மேல் உள்ள கொப்புளங்களையும் அப்படியே தன் உடலில் கொண்டிருக்கிறது. 1969-இல் நியூ கலிடோனியாவில் பார்ஜிபான் என்பவர் அருங்காட்சியகத்துக்காக ஒரு கடல் விசிறியை எடுத்து வந்து மேசைமேல் வைத்த பிறகே, அதில் கடற்குதிரை இருப்பதைக் கண்டார். அதுவரை அப்படியோர் உயிர் இருப்பதை அறிவியல் அறியாது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இரும்பு பாராவது எப்படி?

வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தெரியும். கடலில் கிடக்கும் எதன்மேலும் முதலில் ஒரு வழவழப்பு படியும். அது பாக்டீரியாவும் நுண்பாசியும் சேர்ந்த மென்படலம். அடுத்து, வள்ளத்தின் அடியில் ஒட்டி ஓட்டத்தைக் கெடுத்து, ஆண்டுதோறும் நம்மைச் சுரண்ட வைக்கும் கொட்டலசு. பின்னர் சிப்பிகள், கடற்பஞ்சுகள். இவற்றின் நடுவே, நீரில் மிதந்து திரியும் பவளத்தின் இளவுயிரி வந்து அமர்கிறது. குண்டூசித் தலையளவே உள்ள அதற்குத் தேவை, அசையாத கடினமான ஓரிடம். மணலில் அமர்ந்தால் புதைந்து இறந்துவிடும். இரும்புத் தகட்டில் அமர்ந்தால் அங்கேயே சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டத் தொடங்கும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகின்றன. பாசிக்கு வெயில் வேண்டும். ஆழமில்லாத கப்பலில் பவளம் செழிப்பதும், ஆழக் கப்பலில் கடற்பஞ்சும் விசிறியும் மட்டும் நிற்பதும் இதனால்தான்.

கப்பலின் உருவமும் உதவுகிறது. பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே புகுந்து இந்துமாக்கடலுக்கு வரும் வழிகளில் லொம்போக் நீரிணை ஒன்று. அந்தப் பக்கத்துக் கடலில் நீரோட்டத்துக்குக் குறைவில்லை. ஓடும் நீரில் நிமிர்ந்து நிற்கும் தகடு, நீரைத் திருப்பிச் சுழிக்க வைக்கிறது. மிதவை உயிரிகள் அங்கே தேங்குகின்றன; சிறு மீன் வருகிறது; அதைத் தின்னப் பெரிய மீன் வருகிறது. உள்ளே அறைகளும் பொந்துகளும் ஒளிய இடம் தருகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியேறி, போரில் சேதமுற்ற கப்பல் ஓர் ஊராகிவிட்டது.

அப்படியானால் பழைய கப்பல்களையெல்லாம் கடலில் தள்ளிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது. பசிபிக்கின் பல்மைரா பவளத் தீவில் 1991-இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. அது விழுந்தது மணலில் அன்று, உயிருள்ள பவளப்பாறையின்மேல். இயல்பாகவே இரும்புச் சத்து மிகக் குறைந்த அந்த நீரில், துருவிலிருந்து கரைந்த இரும்பு ஒருவகைப் போலிப் பவளத்துக்கு உரமாகி, அது களைபோல் பரவி உண்மைப் பவளங்களை மூடிக் கொன்றது. கடைசியில் 2013-இல் கப்பலையே வெட்டி அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலில் 1970-களில் ஏறத்தாழ இருபது இலட்சம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டுச் செயற்கைப் பார் அமைக்க முயன்றார்கள். கட்டுகள் அறுந்து டயர்கள் உருண்டுபோய் அருகிலிருந்த நல்ல பாரையே மோதின. எங்கே விழுகிறது, எதனால் ஆனது என்ற இரண்டும் முக்கியம். லிபர்ட்டி மணலில் விழுந்தது. சரக்கை முன்பே இறக்கிவிட்டார்கள். அது நம் நல்லூழ்.

நம் மன்னார் வளைகுடாவில் நடந்தது நேர் எதிர். அங்கே இருந்த பாரை நாமே வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அனுப்பினோம். 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அது 1986-இல் அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெற்றன. ஆனால் அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கப் பவளம் இல்லாவிட்டால் தீவு கரையும். தூத்துக்குடிக்கு அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் துளையிட்ட காங்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கினார்கள். அவற்றின்மீதும் பவளம் அமர்ந்திருக்கிறது, மீனும் வந்திருக்கிறது. இது கப்பல் கற்றுக்கொடுத்த பாடம் என்றே நான் கொள்கிறேன்.

லிபர்ட்டி என்றைக்கும் இருக்காது. உப்பு நீரில் இரும்பு துருவாகிக்கொண்டே இருக்கிறது. மேலே படர்ந்த உயிர்களின் சுண்ணாம்பு அதைச் சற்றே தாமதப்படுத்துகிறது. தகடுகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. ஆனால் மேலே வரும்போது 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? கப்பலின் உச்சி சரியாக அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் வெறும் நீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பவர்கள், இங்கே மீனைப் பார்த்துக்கொண்டே உடம்பிலுள்ள நைட்ரஜனைக் கழித்துவிட்டுக் கரையேறுகிறார்கள்.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பெரியப்பாவிடம் சோடாக் கதையைச் சொன்னேன். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதும் கேட்டார். "அப்போ, மெதுவா ஏறி வந்திருந்தாப் போதுமாலே?" என்றார். நேரமும் குறைத்திருக்க வேண்டும், இறங்கிய தடவையும் குறைத்திருக்க வேண்டும் என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அவர் மகன், எனக்கு அண்ணன், கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார். அவருக்கு மீட்டர் கணக்கு வேண்டாம் என்று, பாகத்திலேயே மாற்றி ஓர் அட்டையில் எழிதிக் கொடுத்தேன்: 'நிமிடத்துக்கு ஐந்து பாகம்தான் ஏற வேண்டும். மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. மூட்டு வலித்தால் எண்ணெய் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போ.' இவை மட்டும் போதாது, இறங்கும் நேரத்துக்கும் அட்டவணை உண்டு, அதையும் கொண்டுவருகிறேன் என்றேன். அண்ணன் அட்டையை வாசித்துவிட்டு, "மூணு நிமிஷம் சும்மா நிக்கச் சொல்லுத. அதுக்குள்ள நாலு சங்கு எடுத்துருவேனே" என்று சிரித்தார். உள்ளே இருந்த பெரியப்பா, "அத இங்க கொண்டா" என்று அட்டையை வாங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு படகு கிடந்த இடத்துக்கு நடந்து போனார். அவர் படகடிக்குப் போய்ப் பல வருடங்களாகியிருந்தன. அட்டை இப்போது கம்ப்ரசரின் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டித் தொங்குகிறது.